ஐந்தடிச் சதுரம்

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. காய்ந்த இரண்டு சட்டையிலும் இரும்பாலைக் கரி. மறுபடி அலசல்.

பள்ளி விட்டு வந்ததும் அளக்க வேண்டியவை: பாத்ரூம். வாசற்படி உயரம். கேட்டிலிருந்து கதவு வரை. அடுப்படிக் கதவு அகலம்.

செல்வியை மாசக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜூலையில் கம்பெனி வேன் ஜி.என்.டி. ரோட்டில் கவிழ்ந்ததிலிருந்து சென்னையிலேயே கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனிமேல் சக்கர நாற்காலிதான்.

பிசியோதெரபி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "நாற்காலி ஒரு முழு சுத்து திரும்பணும்னா அஞ்சுக்கு அஞ்சு அடி காலி இடம் வேணும் சார். ரேம்ப்புக்கு, ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். அதுக்குக் கம்மியா போட்டீங்கன்னா அவங்களால தானா ஏற முடியாது."

செல்வி சொன்னது வேறு. நான் கிளம்பும்போது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு: "என்ன யாரும் தூக்கிக்கினு பாத்ரூம் போவக் கூடாது. நீங்களுந்தான். நானா போவணும், நானா கதவ சாத்திக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பொன்னேரிக்குப் போய்டுறேன்."

பொன்னேரி என்றால் அவள் தங்கை வீடு. புது வீடு. பாத்ரூம் எங்கள் அடுப்படி அளவு இருக்கும். போனால் திரும்பி வர மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் காலை எட்டுக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவேன். அதுவரை தனியாக இருக்க வேண்டும். மகள் நித்யாவைக் கோயம்புத்தூர் படிப்பை விட்டு வரச் சொல்லக் கூடாது என்பதும் செ. போட்ட நிபந்தனை.

அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. செங்கல்லை வைத்து அழுத்தினேன்.

பாத்ரூம்: கதவுப் பக்கம் அகலம் 5 அடி 6 அங்குலம். கடைசிப் பக்கம் 4 அடி. நீளம் 9. இடப்பக்கச் சுவர் நேர். வலப்பக்கம் அண்ணன் வீட்டோடு பொதுச்சுவர், சாய்வு. ஆக, சரிவகம். இத்தனை வருஷமாக அதற்குள் குளித்திருக்கிறேன், இது சரிவகம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பரப்பு: ஐந்தரையும் நாலும் ஒன்பதரை, அதில் பாதி, பெருக்கல் 9. நாற்பத்திரண்டே முக்கால் சதுர அடி. நாற்காலி திரும்ப 25 வேண்டும். டாய்லெட்டுக்குக் கடைசியில் ஒரு 12. மொத்தம் 37. மிச்சமே இருக்கிறது!

உடனே போன் போட்டேன். "இடம் போதும் செல்வி. வீட்டுக்கே வா."

அவள் கேட்டது, "சாப்ட்டீங்களா?"

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் நாற்கரப் பாடம். புத்தகக் கணக்கு வேண்டாமென்று நேற்றைய அளவையே பலகையில் போட்டேன். ஓர் அறை, இரு இணைப்பக்கம் ஐந்தரை, நாலு. உயரம் ஒன்பது. ஐந்தடிச் சதுரமும் பன்னிரண்டு சதுர அடிப் பொருள் ஒன்றும் வைக்க வேண்டும். போதுமா?

"போதும் சார்!" மொத்த வகுப்பும்.

முதல் பெஞ்சில் ஒரு பெண், "எதுக்கு சார் போதும்?"

அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மதியம் முழுக்கக் காதிலேயே நின்றது.

பள்ளி விட்டபின் பெஞ்சுகளை ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் பாத்ரூமை நிஜ அளவில் வரைந்தேன். அதற்குள் ஐந்தடிச் சதுரம். மூன்று மூலை உட்கார்ந்தது. நாலாவது மூலை கோட்டைத் தாண்டி வெளியே.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே.

உள்ளே போகப் போக அடிக்கு இரண்டு அங்குலம் குறுகுகிறது. ஐந்தாவது அடியில் அகலம் நாலடி எட்டு அங்குலம்தான். பரப்பு இருக்கிறது, சதுரத்துக்கு இடமில்லை. நாலு அங்குலத்தில் போயிற்று. பரப்பைக் கூட்டிப் பார்த்தவன் வடிவத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் பாடம் நடத்துகிறவன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், கோலமா?"

செ.விடம் சொல்லவில்லை. வீட்டுக்கே வா என்று சொல்லியாயிற்று.

அக்டோபர் 8, புதன்

பாபு மேஸ்திரி வந்தார். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

இடப்பக்கம் தள்ள முடியாது. அடுப்படியிலிருந்து பாத்ரூமுக்கு வரும் நடை அதுதான். அதைக் குறுக்கினால் நாற்காலியே வராது. நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. பின்னால் போகப் போகக் குறுகல்தான். பாக்கி இருப்பது பொதுச்சுவர்.

"ஒடைச்சிக் கொஞ்சம் அந்தாண்ட நேரா கட்டிட்டா வேல முடிஞ்சிது சாரு. ஆனா இது ஒங்க செவுரு மட்டும் இல்ல. ஒங்க அண்ணன் சரின்னு சொல்லணும். சொல்வாரா?"

தெரியவில்லை என்றேன். நன்றாகவே தெரியும்.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்ட விதம் சரியில்லை.

அப்பா மனையைப் பிரித்தபோது தெருப்பக்கம் ஆளுக்கு இருபது அடி, பின்பக்கம் ஆளுக்குப் பன்னிரண்டு, நீளம் நாற்பத்தெட்டு. என் மனைக்கு வெளிச்சுவர் நேர், பொதுச்சுவர் சாய்வு. அவனுக்கு இரண்டு பக்கமும் சாய்வு. "எனக்குக் கோண மனைய தள்ளிட்டீங்க" என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறான். நானும் ஒவ்வொரு முறையும் இருபதும் பன்னிரண்டும் கூட்டிப் பாதியாக்கி நாற்பத்தெட்டால் பெருக்கிக் காட்டுவேன். 768. இரண்டுக்கும் 768. "பரப்பு ஒன்றுதானே அண்ணா" என்பேன். கல்யாண வீட்டில்கூட ஒரு தடவை டிஷ்யூ பேப்பரில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இன்று அவன் லோடு வண்டியின் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஒன்றர அடி வோணுமா? எதுக்கு? அதான் ரெண்டு பேருக்கும் பரப்பு ஒண்ணாச்சே. கணக்கு வாத்தியாரு நீதானடா சொன்னே."

"அண்ணா, செல்விக்காக..."

"செல்விக்கு நான் செய்ய மாட்டேன்னு சொன்னனா? ஆஸ்பத்திரியில யாரு ரத்தம் குடுத்தா? நானு. அது வேற. செவுரு வேற."

திரும்பிவிட்டேன். நாஷ்டாவும் இல்லை, மதியமும் இல்லை. பள்ளியில் யாரோ கொடுத்த பிஸ்கட்.

செ. போனில், "மேஸ்திரி வந்தாரா? எப்ப வேலைய ஆரம்பிக்கிறாங்க?"

"சீக்கிரம்" என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் பால் வாங்கப் போனபோது அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குட்டியானையில்தான் அவன் பிழைப்பு: சிப்காட் கம்பெனிகளுக்கு அட்டைப் பெட்டி ஏற்றிக்கொண்டு காட்டுப்பள்ளி, மீஞ்சூர் என்று ஓட்டம். தினம் பார்க்கிற காட்சிதான். இன்றுதான் நின்று பார்த்தேன்.

உள்ளே வரும். முட்டும். வெளியே போகும். திருப்பும். மறுபடி வரும். பொதுச்சுவரின் தெருமுனை அவன் வழியில் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் வரி வரியாகக் கீறல். அண்ணி இறங்கி நின்று, "ஒடிங்க... ஒடிங்க... ஐயோ, நிறுத்துங்க!"

768 சதுர அடி அவனுக்கும் இருக்கிறது. வண்டி போகவில்லை.

எனக்கு நாற்பத்திரண்டே முக்கால் இருக்கிறது. நாற்காலி திரும்பவில்லை.

பால் பாக்கெட்டோடு தெருவில் நின்றேன். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன். நகர்ந்துவிட்டேன். அவன் சொன்னது எப்போதுமே பரப்பைப் பற்றியது இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் பரப்பைச் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

பகல் முழுக்க வெயில். கணக்கு:

பின்னால் பாத்ரூம் நீளம் 9 அடி, அதில் சுவர் ஒன்றரை அடி என் பக்கம் சாய்கிறது. அதை நேராக்கினால் எனக்கு ஒரு முக்கோணம் கிடைக்கும். 9 பெருக்கல் ஒன்றரை, பாதி. ஆறே முக்கால் சதுர அடி. பாத்ரூம் செவ்வகமாகும், ஐந்தரைக்கு ஒன்பது. ஐந்தடிச் சதுரம் தாராளமாக உட்காரும்.

முன்வாசல் ஆழமும் 9 அடிதான். அங்கே சுவர் அவன் பக்கம் ஒன்றரை அடி சாய்கிறது. அதை நேராக்கினால் அவனுக்கும் அதே ஆறே முக்கால். வெட்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அச்சாகப் பொருந்தும்.

மாலை அவன் வீட்டுக்குப் போனேன். காகிதத்தை உடனே எடுக்கவில்லை. "அண்ணா, வண்டி உள்ள போவ எவ்வளவு கஷ்டம்னு நேத்துதான் பாத்தேன். கோணல்னு நீ சொன்னது சரிதான்" என்றேன்.

என்னையே பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். "இப்ப வேலை ஆவணும்னு சொல்றியா, நெஜமா சொல்றியா?"

"ரெண்டும்தான்."

அதன்பிறகு காகிதத்தை விரித்தேன். விரலை வைத்துக் கோட்டின் மேலேயே நகர்த்தினான். முன்பக்கம் வந்ததும் நிறுத்தினான்.

"செவுரு நேரானா ஒன் கேட்டுத் தூணு என் வழியிலதான் நிக்கும். கேட்டு நடுவால வந்துடணும். வண்டி வளைக்க எடம் வோணும்ல?"

அங்கேதான் இடித்தது. கேட் இப்போது இருக்கிற மூலையிலேயே இருந்தால் சாய்தளத்தை வாசலின் மூலைவிட்டத்தில் போடலாம். அங்கிருந்து எதிர்மூலைக் கதவு வரை கிட்டத்தட்ட இருபத்திரண்டு அடி. வாசல் உயரம் பதினெட்டு அங்குலம், ஆக சாய்தளம் பதினெட்டு அடி. மேலே கொஞ்சம் சமதளமும் கிடைக்கும். செ. தானாகவே தெருவில் இறங்கித் தானாகவே ஏறி வரலாம். கேட் நடுவுக்கு வந்தால் பதின்மூன்று அடிதான். சரிவு அதிகம். யாராவது தள்ளினால்தான் உண்டு.

"தூண விட்டுடேன் அண்ணா. ரேம்ப் போடணும்."

"அப்ப வேணாம். எல்லாம் இருக்கறாப்புல இருக்கட்டும்."

"அவ எப்படித் தெருவுக்கு வருவா?"

"நான் எப்படி வண்டிய விடுவேன்?"

குரல் ஏறிற்று. அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஒரு பொம்பள கக்கூசு போவறதுக்கு அண்ணனும் தம்பியும் பஞ்சாயத்தா பண்றீங்க? நல்லா கீது ஒங்க கணக்கு. அவள யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை ரயிலில் சென்னை. மீஞ்சூர் வரை நின்றுகொண்டே.

செ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். போதும் என்றது தப்பு, நாலு அங்குலம், முக்கோணம், கேட், எல்லாமும். காகிதத்தைப் போர்வைமேல் விரித்தேன். வகுப்பில் பலகையில் போட்டதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

முகம் மாறிவிட்டது.

"பசங்களுக்குச் சொன்னீங்களா?"

"பாத்ரூம்னு சொல்லல. ஓர் அறைன்னுதான்..."

"மேஸ்திரிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். இப்ப இஸ்கூலுக்கும். நான் எங்க போறேன், எப்படித் திரும்புறேன், எவ்ளோ எடம் வோணும்னு ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியா."

"உனக்காகத்தான் செல்வி..."

"எனக்காகத்தான். தெரியுது."

காகிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வெளியே இருங்க சார் என்றாள். வெளியே நின்றேன். திரைக்குள் செ. "மெதுவா மேடம், மெதுவா" என்றது மட்டும் கேட்டது. அந்த மேடத்துக்கு அவளைவிட ஒரு இருபது வயது குறைவு.

திரும்பி உள்ளே போனேன். தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். தூங்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. நித்யாவிடம் பேசியிருக்கிறாள். நித்யா என்னிடம், "அம்மாவுக்குக் கணக்கு வேண்டாம்பா, அவங்களக் கேட்டாப் போதும்." பெரிய மனுஷி மாதிரி.

பள்ளியில் இணைகரம் நடத்தினேன். பலகையில் அறை எதுவும் போடவில்லை. புத்தகக் கணக்கு மட்டும்.

பல் வலி வேறு. கிராம்புத் தைலம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். இடைவேளையில் செ.விடமிருந்து போன். வராந்தாவில் நின்று பேசினேன். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பாத்ரூம்."

"என்னது?"

"பாத்ரூமு! மொதல்ல அத கட்டுங்க. கேட்டு மாமா கேக்கறாப்புல நடுவாலயே இருக்கட்டும்."

"அப்போ ரேம்ப்? நீ வெளிய..."

"வெளிய போவறதுக்கு யாராவது தள்ளட்டும். ஒரு நாளு ரெண்டு நாளு போவலன்னாலும் உயிரு போயிடாது. உள்ள போவாம இருக்க முடியுமா? இங்க ஒரு தடவ கூப்ட்டா, அவங்க வர்றதுக்குள்ள..." நிறுத்தினாள். "தினம் அழுதுக்கினு கெடக்கறேன். ஒங்களுக்குத் தெரியாது."

தெரியாது. ஞாயிறு ஞாயிறு போகிறேன், பழம் கொடுக்கிறேன், டாக்டரிடம் கேள்வி கேட்கிறேன். இது தெரியாது.

"ஒண்ணே ஒண்ணு. கதவு வெளிய தெறக்கறாப்புல வைங்க. தாப்பா என் கைக்கு எட்டற எடத்துல. உள்ளாற."

மணி அடித்தது. வகுப்புக்குப் போக முடியவில்லை. கை கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மாலை அண்ணனிடம் சொன்னேன். "கேட் நடுவில. செல்வி சொல்லிட்டா."

"செல்வியா சொல்லிச்சி?"

"ஆமா."

துண்டை உதறித் தோளில் போட்டான். "சரி, மேஸ்திரிய வரச் சொல்லு."

அக்டோபர் 20, தீபாவளி

ஆஸ்பத்திரி. அண்ணி கொடுத்தனுப்பிய அதிரசம். செ. ஒன்றை முழுசாகச் சாப்பிட்டாள். புதுப் புடவையை எடுத்துக் காட்டினேன். "நைட்டி எடுத்தாந்திருக்கலாம்" என்றாள். சண்டை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. கையை மட்டும் விடவில்லை, நான் கிளம்பும்வரை.

அக்டோபர் 23, வியாழன்

மழை விட்டிருக்கிறது. லீவு போட்டேன். சுவரை உடைத்தார்கள்.

உடைத்த பிறகு இரண்டு வீட்டுப் பின்கட்டும் ஒரே வெளி. சின்ன வயதில் இப்படித்தான் இருந்தது. அண்ணனும் வண்டிக்குப் போகவில்லை. கல் எடுத்துப் போட்டான். மதியம் அண்ணி சோறு கொண்டுவந்தாள், சுவர் இல்லாததால் சுற்றாமல் நேரே.

மேஸ்திரி நூல் கட்டினார். நான் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். செவ்வகம் என்றால் மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பத்தடி ஆறரை அங்குலம், இன்னொன்று ஒரு அங்குலம் கூட.

"ஒரு இன்ச்சுக்கு இன்னா சாரு? பூச்சுல போய்டும்."

"நூல மாத்துங்க மேஸ்திரி."

"பேஜாரு புடிச்ச ஆளு சாரு நீங்க."

அண்ணன் சிரித்தான். "விடுங்க நைனா. அவன் அப்டித்தான். மாத்திடுங்க." மறுமுனையை அவனே பிடித்தான். இந்த முறை இரண்டும் ஒன்று.

ஆனால் முன்வாசலில் கேட்டைப் பெயர்த்தபோது பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன். மூலைவிட்டத்தில் போயிருக்க வேண்டிய சாய்தளம். அவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தேன்.

நவம்பர் 1, சனி

செ. வந்துவிட்டாள்.

காரிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியோடு படி மேலே. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கார் டிரைவர் பின்னால். பதின்மூன்று அடிச் சாய்தளம் இன்னும் ஈரம், அதில் ஏற்ற முடியாது. தூக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு கடித்து வெளுத்துவிட்டது. தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். அண்ணி அவர்களைப் பார்த்து, "இன்னா, சினிமாவா?"

உள்ளே வந்ததும் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். "காலண்டர இன்னும் கிழிக்கல" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை. பாத்ரூமுக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள். நான் நடையில் நின்றேன். நாற்காலி திரும்பும் சத்தம். சக்கரம் சுவரில் இடிக்கவில்லை. கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

பிறகு சத்தமே இல்லை. பிறகு ஏதோ விழுந்த சத்தம். வாளி.

"செல்வி?"

"வராதீங்க."

"என்னாச்சு?"

"வராதீங்கன்னு சொன்னேன்ல!"

நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கு நகர்வதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது. அதை வெளியே வந்து அவளாகச் சொல்லவில்லை, துணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் அலசப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். மடியில் வாளியை வைத்து அவளே அலசினாள். தண்ணீர் பாதி மேலேயே கொட்டிக்கொண்டது.

சுவரை நேராக்கினேன். அதற்குமேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பள்ளியில் மனசே இல்லை. இடைவேளைக்கு இடைவேளை போன். மூன்றாவது போனில் திட்டினாள். "பாடம் நடத்தறீங்களா, எனக்குக் காவல் காக்கறீங்களா?"

மாலை வந்தபோது தலை குளித்து ஈரமாக உட்கார்ந்திருந்தாள். தனியாக. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "இன்னிக்கு ரெண்டு தடவ. ஒண்ணும் ஆவல."

டி.வி.யைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கண்ணைத் துடைக்க.

நவம்பர் 7, வெள்ளி

விடாத மழை. புயல் சின்னம் என்கிறார்கள். செ. வந்ததிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. சாய்தளத்தில் நான் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். இறக்கும்போது நாற்காலி என்னையே இழுத்தது. பாதியில் அலறினாள். திரும்ப ஏற்ற அண்ணனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவள் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அரிசி தீர்ந்தது. சிலிண்டர் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு வெளிச்சம். கடைக்குப் போய் வந்து பார்த்தால் செ. வாசல் விளிம்பில், சக்கரம் இன்னும் ஓர் அடி நகர்ந்தால் சரிவு. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணனின் வண்டி, நேராக, கீறல் படாமல் உள்ளே நின்றது.

"உள்ள வா, விழுந்துடப் போற."

"எவ்ளோ நாளு உள்ளாற இருக்கறது?" கோபமில்லை. கேள்வி மாதிரியே கேட்டாள்.

"நான் அண்ணன்கிட்ட பேசறேன். வண்டி இல்லாத நேரம் அவன் பக்கத்து வாசலையும் சேத்துக்கிட்டா ரேம்ப்ப நீட்டிடலாம். நடுவுல செவுரு முன்பக்கம் ஒரு நாலடி மட்டும் எடுத்தா..." காகிதம் தேடினேன்.

"நீங்க பேச வேணாம்."

"ஏன்?"

"நீங்க பேசுனா கணக்குதான் பேசுவீங்க. மாமாவ கூப்புடுங்க. நானே பேசறேன்."

சுவருக்கு மேலாகக் கூப்பிட்டேன். குளித்துக்கொண்டிருந்தான் போல, துண்டோடு வந்தான். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று ஓடிப்போய்த் திரும்பி வந்தான். செ. பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க மாமா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உள்ள போங்க."

அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அரை மணி இருக்கும். இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்கிறது. ஒருமுறை அண்ணன் குரல் ஏறிற்று. செ. குரல் ஏறவேயில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. யார் கேட்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்று இங்கிருந்து புரியவில்லை. எழுந்து போகலாமா என்று இரண்டு முறை தோன்றியது. போகவில்லை.

டீ கேட்டாள். மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"ரெண்டு போதும்" என்றாள் செ.